முதல் ஊசிக்கு முன்: எந்த அக்குபஞ்சர் உங்களுக்குப் பொருந்தும்?

அக்குபஞ்சர் தொடங்கலாம் என்று நினைப்பவர்கள் முதலில் கேட்பது “வலிக்குமா?” என்றுதான். யாரிடம், எந்த முறையில் குத்திக்கொள்ளப் போகிறோம் என்பதைப் பொறுத்தே அதற்குப் பதில் மாறும். சீன முறை, ஜப்பானிய முறை, டிரை நீட்லிங், மின்சாரம் சேர்த்த அக்குபஞ்சர், காது அக்குபஞ்சர் என ஒவ்வொன்றும் தரும் அனுபவம் வேறு. முதல் முறை பொருந்தாத இடத்துக்குப் போய், “எனக்கு இது ஒத்துவராது” என்று ஒதுங்கிவிடுபவர்களை நினைத்தால் வருத்தமாக இருக்கிறது.

சீன முறைதான் பரவலானது. முதல் நாள் ஒரு மணி நேரமாவது ஆகும், அதில் பாதி பேச்சிலேயே போய்விடும். முழங்கால் வலிக்குப் போனவரிடம் தூக்கம், பசி, மலச்சிக்கல், மாதவிடாய், குளிர் தாங்குமா என்றெல்லாம் கேட்பார்கள். நாக்கை நீட்டச் சொல்வார்கள், இரண்டு கைகளிலும் நாடி பார்ப்பார்கள். அப்புறம் படுக்க வைத்து ஊசி போடுவார்கள். இந்த ஊசி பெரும்பாலும் 0.20 முதல் 0.30 மில்லிமீட்டர் வரைதான் தடிமன். மருந்து ஏற்றும் ஊசியைப் போல உள்ளே துளையும் கிடையாது. அதனால் தோலில் இறங்கும்போது ஒரு சின்னச் சுருக்கு, அவ்வளவுதான்.

அதற்குப் பிறகு வருவதுதான் புதியவர்களைப் பயமுறுத்துகிறது. ஊசியை லேசாகத் திருப்பும்போது அந்த இடம் கனக்கும், மந்தமாக வலிக்கும், சில நேரம் மரத்துப்போனது போல இருக்கும். சீன மருத்துவத்தில் இதை ‘தே ச்சி’ என்பார்கள். ஊசி போடுபவர் தேடுவதே இந்த உணர்வைத்தான், பயப்பட வேண்டாம். ஆனால் சுளீரென்று வெட்டுவது, எரிவது, ஷாக் அடித்தது போல ஓடுவது எல்லாம் வேறு கணக்கு. பல்லைக் கடித்துக்கொண்டு கிடக்காமல் உடனே சொல்லுங்கள், ஊசியைக் கொஞ்சம் நகர்த்தினாலே சரியாகிவிடும். பிறகு 20, 30 நிமிடம் அப்படியே படுத்திருக்க வேண்டும். பலர் தூங்கிவிடுவார்கள்.

ஊசி என்றாலே நடுங்குபவர்களும் உடம்பு தளர்ந்த முதியவர்களும் ஜப்பானிய முறையில் தொடங்குவது நல்லது. ஊசி இன்னும் மெல்லியது, இறங்கும் ஆழமும் குறைவு. ஊசியைச் சிறு குழாய்க்குள் வைத்துத் தட்டி இறக்கும் உத்தியைப் பரப்பியவர் 17ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த சுகியாமா வாய்ச்சி. அவர் பார்வையற்றவர். தோலில் இறங்கும் அந்த முதல் குத்தைக் குழாயின் அழுத்தம் மறைத்துவிடுவதால் இன்று மற்ற முறைக்காரர்களும் அதைப் பயன்படுத்துகிறார்கள். ஜப்பானிய முறையில் நாடியோடு வயிற்றையும் தொட்டுப் பார்த்து நிதானமாகச் செய்வார்கள். எழுந்து வரும்போது “ஒன்றுமே செய்யவில்லையே” என்று தோன்றலாம். அதை வைத்து முடிவு கட்ட வேண்டாம்.

டிரை நீட்லிங் இதற்கு நேர் எதிர். ஊசி அதே ஊசிதான், பார்வைதான் வேறு. நாடி, நாக்கு எதுவும் பார்க்க மாட்டார்கள். பெரும்பாலும் பிசியோதெரபிஸ்டுகள் செய்வது. இறுகிப்போன தசை முடிச்சைக் கையால் தேடிப் பிடித்து, அதற்குள்ளேயே ஊசியை இறக்கி அசைப்பார்கள். தசை தானாக ஒருமுறை துள்ளும். சில நிமிடங்களில் வேலை முடிந்துவிடும். ஆனால் ஐந்து முறைகளில் அதிகம் வலிப்பது இதுதான், ஒன்றிரண்டு நாள் அந்த இடம் கடுத்துக்கொண்டே இருக்கும். கழுத்து, தோள்பட்டை பிடிப்புக்கு நான் இதைத் தயங்காமல் சொல்வேன். தூக்கமின்மைக்கோ ஒற்றைத் தலைவலிக்கோ இதைத் தேடிப் போக வேண்டாம். பயிற்சியின் அளவு ஆளுக்கு ஆள் மிகவும் மாறுபடுவதால், எவ்வளவு காலம் படித்தார் என்று கேட்பதில் கூச்சம் வேண்டியதில்லை.

மின்சாரம் சேர்ப்பது சீன முறையின் நீட்சி. போட்ட ஊசிகளில் கிளிப் மாட்டி மெல்லிய மின்னோட்டம் கொடுப்பார்கள். விரலால் தட்டுவது போலத் துடிக்கும். பேஸ்மேக்கர் வைத்திருப்பவர்களுக்கு இது கூடாது. முதல் நாளே இதில் இறங்க வேண்டாம் என்பது என் கருத்து, வெறும் ஊசியை உடம்பு எப்படி ஏற்கிறது என்று பார்த்த பிறகு போதும்.

காது அக்குபஞ்சரைத் தனி முறையாக வளர்த்தவர் பிரெஞ்சு மருத்துவர் பால் நோஜியே, 1950களில். ஆடை தளர்த்த வேண்டியதில்லை என்பது கூச்சப்படுபவர்களுக்குப் பெரிய நிம்மதி. காதில் குத்தும்போது உடம்பைவிடச் சற்று அதிகமாகச் சுருக்கென்று இருக்கும். சில நாள் ஒட்டியே விடும் குட்டி ஊசிகளும் உண்டு. காது சிவந்து வீங்கினால் உடனே எடுத்துவிட்டு மருத்துவரிடம் காட்டுங்கள். குருத்தெலும்பில் தொற்று ஏறினால் ஆறுவது கடினம்.

சரி, எது அதிகம் பலன் தரும்? ஜெர்மனியில் 1,162 முதுகுவலிக்காரர்களிடம் நடந்து 2007இல் வெளியான ஆய்வைப் பாருங்கள். ஆறு மாதத்துக்குப் பிறகு முறையான அக்குபஞ்சரில் 47.6 சதவீதம் பேருக்குப் பலன். ஊசி போட வேண்டிய புள்ளிகளைத் தவிர்த்து மேலோட்டமாகக் குத்திய போலி அக்குபஞ்சரில் 44.2 சதவீதம். மருந்து, உடற்பயிற்சி என்ற வழக்கமான சிகிச்சையில் 27.4 சதவீதம். ஊசி போட்ட இரண்டு குழுவும் நன்றாகவே முன்னேறின, ஆனால் அவற்றுக்குள் வித்தியாசம் சொற்பம். பிரிட்டனில் சிகிச்சை வழிகாட்டல்களை வெளியிடும் நைஸ் அமைப்பு 2012 வழிகாட்டலில் ஒற்றைத் தலைவலித் தடுப்புக்கு, மாத்திரைகள் பொருந்தாதபோது 5 முதல் 8 வாரங்களில் 10 அமர்வு வரை யோசிக்கலாம் என்றது. அதே அமைப்பு 2016இல் கீழ்முதுகு வலிக்கு அக்குபஞ்சர் வேண்டாம் என்றது. ஆகவே “எங்கள் முறைதான் அசல், மற்றதெல்லாம் வீண்” என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். உங்களால் தொடர்ந்து போக முடிகிற முறையையும், கவனமாகக் கேட்கிற கைதேர்ந்த ஆளையும் தேர்ந்தெடுப்பதே முக்கியம்.

பாதுகாப்பில் எந்த முறைக்கும் சலுகை கிடையாது. ஒருமுறை மட்டும் பயன்படுத்தும் ஊசி, உங்கள் கண்ணெதிரே பிரிக்கப்பட வேண்டும். ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை எடுப்பவர்களும் கர்ப்பிணிகளும் முதலிலேயே சொல்லிவிடுங்கள். வெறும் வயிற்றோடு போகாதீர்கள், தலைசுற்றும். சின்னதாகக் கன்றிப்போவதும் ஒரு நாள் அசதியும் சகஜம். பெரிய ஆபத்து மிக அரிது. ஆனால் மார்பு, தோள், மேல்முதுகில் ஊசி போட்ட பிறகு மூச்சு வாங்கினாலோ நெஞ்சு வலித்தாலோ, சில மணி நேரம் கழித்து வந்தாலும், நேராக மருத்துவமனைக்குப் போங்கள். ஊசி நுரையீரலைத் தொட்டிருக்கலாம். வழக்கமான மாத்திரைகளை மருத்துவரைக் கேட்காமல் நிறுத்தவே கூடாது.

முதல் அமர்வுக்கு முன்பே வலிக்குப் பத்துக்கு எத்தனை, இரவில் எத்தனை முறை விழிப்பு வருகிறது என்று குறித்து வையுங்கள். ஐந்தாறு அமர்வு முடிந்ததும் எடுத்துப் பாருங்கள். கொஞ்சமாவது அசைந்திருந்தால் பத்து வரை போகலாம். அசையவே இல்லையென்றால் முறையை மாற்றுவதா, நிறுத்துவதா என்று ஊசி போடுபவரிடமே பேசுங்கள். முதல் நாளே முப்பது அமர்வுக்கு முன்பணம் கேட்பவரிடம் தொடங்காதீர்கள்.