வேனுக்கு டியூபுலரா லித்தியமா? ரெண்டையும் வச்சு ஓட்டினவன் கணக்கு

கோயம்புத்தூர்ல ஒரு பழைய ஃபோர்ஸ் டிராவலர் வாங்கி, சீட்டெல்லாம் கழட்டிட்டு, கட்டில், சிங்க், 12 வோல்ட் கம்ப்ரசர் ஃப்ரிட்ஜ், ஃபேன்னு போட்டு நாலு வருஷம் ஆச்சு. முதல் ஒன்றரை வருஷம் 150 ஏஎச் (ஆம்பியர் அவர், பேட்டரியோட கொள்ளளவு) டியூபுலர் பேட்டரி ஓடுச்சு, வீட்டு இன்வெர்ட்டருக்கு வைக்கற லெட் ஆசிட் பேட்டரிதான் அது. அதுக்கப்புறம் இன்னைக்கு வரைக்கும் 100 ஏஎச் லித்தியம், அதாவது எல்எஃப்பின்னு சொல்ற லித்தியம் அயர்ன் பாஸ்பேட். வேன் கட்டப்போறேன்னு வர்றவங்க எல்லாரும் முதல்ல கேக்கறது இதைத்தான், அதனால ஒரே தடவையா எழுதிடறேன். நான் லித்தியம் கட்சி, அதை மறைக்கல. ஆனா கடைக்காரங்க சொல்ற காரணத்துக்காக இல்ல.

கடைக்காரங்க சொல்றதை சட்டுனு முடிச்சிடலாம். டியூபுலர் 50 கிலோவுக்கு மேல, ரெண்டு பேர் தூக்கணும், லித்தியம் 12 கிலோ சொச்சம், ஒரு கையில தூக்கிடலாம். டியூபுலர்ல பாதிக்கு கீழ இறக்கக்கூடாதுன்னு வச்சா 150 ஏஎச்ல கையில கிடைக்கறது 12 வோல்ட்டுக்கு 900 வாட் அவர்தான், லித்தியம் 100 ஏஎச்லயே தாராளமா 1000 கிடைக்கும். விலை லித்தியம் கிட்டத்தட்ட ரெண்டு மடங்கு ஆச்சு எனக்கு. டியூபுலருக்கு டிஸ்டில்டு வாட்டர் ஊத்தணும், சார்ஜ் ஆகும்போது ஹைட்ரஜன் வரும், நாம தூங்கற அதே பெட்டிக்குள்ள அது இருக்கும், அதனால வெளிக்காத்துக்கு ஒரு ட்யூப் விடணும். கொல்லிமலை 70 கொண்டை ஊசி வளைவு ஏறி இறங்கினப்போ மூடி வழியா ஆசிட் கசிஞ்சு டெர்மினல் எல்லாம் பச்சை பூத்துப்போச்சு. இதெல்லாம் தொல்லைதான், ஆனா பொறுத்துக்கலாம்.

பொறுக்க முடியாதது ஒண்ணு இருக்கு. டியூபுலர் பேட்டரி தினமும் இல்லன்னாலும் ரெண்டு மூணு நாளைக்கு ஒருதடவையாவது முழுசா, நிஜமாவே முழுசா நிறையணும். வேன்ல அது நிறையவே நிறையாது. நான் பேட்டரி வாங்கின கடைக்காரர் பொய் சொல்லல, "அஞ்சு வருஷம் வரும்ங்க"ன்னு சொன்னார், அவர் பேட்டரி வித்த வீடுகள்ல எல்லாம் அஞ்சு வருஷம் வந்திருக்கும். வீட்டு இன்வெர்ட்டர்ல கரண்ட் எப்பவாவது ஒருமணி நேரம் போகும், மத்த நேரம் பூரா அது மெயின்ஸ்ல தொங்கிக்கிட்டு முழுசா இருக்கும். வேன்ல அப்படியே தலைகீழ், ராத்திரி பூரா காலி ஆகிட்டே இருக்கும், பகல்ல கிடைச்ச வெயிலுக்குள்ள நிறையணும்.

என் கூரைல இடம் ஒரே ஒரு 335 வாட் சோலார் பேனலுக்குத்தான், மீதி கேரியரும் காத்து வர்ற வென்ட்டும் பிடிச்சுக்கிச்சு. படுக்க வச்ச பேனல், மேல சூடு வேற, நல்ல நாள்ல 1100, 1200 வாட் அவர் வந்தா பெரிய விஷயம். செலவு ஃப்ரிட்ஜ் ஒரு 400, ஃபேன் 280, லைட்டு, பம்ப், போன், லேப்டாப்னு சேர்த்து 850 பக்கம். கணக்குப்படி போதும் மாதிரி தெரியுதா? லெட் ஆசிட்ல 80 சதவீதம் வரைக்கும் வேகமா ஏறும், கடைசி 20 சதவீதம் மணிக்கணக்கா சொட்டு சொட்டாத்தான் உள்ள போகும். அந்த சொட்டு போற நேரத்துல மணி நாலாயிடும், இல்லன்னா தென்னை ஓலை நிழல் ஒண்ணு பேனல் மேல விழுந்திருக்கும், இல்லன்னா ஐப்பசி மழை. வண்டி ஓட்டினா ஆல்டர்னேட்டர்ல (இன்ஜினோட சேர்ந்து சுத்தற ஜெனரேட்டர்) ஏறிடாதான்னு கேப்பீங்க, ரெண்டு மணி நேர ஓட்டத்துல அந்த கடைசி 20 ஏறாதுங்க. இப்படி வாரக்கணக்கா அரைவயிறா கிடந்தா தகட்டுல சல்ஃபேட் படிஞ்சு கல்லா இறுகிடும், இறுகின பங்கு அப்புறம் வேலை செய்யாது.

இதுக்கு ஒரு அடையாளம் இருக்கு, தெரியாம நான் ரெண்டு மாசம் ஏமாந்தேன். காலைல பத்து மணிக்கே சோலார் சார்ஜ் கன்ட்ரோலர்ல ஃபுல்னு காட்டும், ஃப்ளோட்டுக்கு, அதாவது நிறைஞ்சதை அப்படியே பிடிச்சு வைக்கற நிலைக்கு போயிடும். பரவால்லயே, சோலார் பிச்சு உதறுதுன்னு சந்தோஷப்பட்டேன். அன்னைக்கே ராத்திரி பதினொரு மணிக்கு ஃப்ரிட்ஜ் நின்னுடும். பாத்திரம் சின்னதா ஆயிடுச்சுன்னா சீக்கிரம் நிறைஞ்சு சீக்கிரம் காலியாகும் இல்லையா, அதேதான். உங்க டியூபுலர் காலைல சீக்கிரமே ஃபுல்னு சொன்னா ஹைட்ரோமீட்டர் (ஆசிட்டோட அடர்த்தி பாக்கற கருவி) விட்டுப் பாருங்க. நல்லா இருந்தா 1.240 பக்கம் நிக்கணும், எனக்கு நாலு செல் 1.190, ரெண்டு செல் 1.150 தாண்டல.

லித்தியத்துக்கு இந்த நோவே இல்ல. 40 சதவீதத்துல ஒரு வாரம் கிடந்தாலும் அதுக்கு கவலையில்ல, சொல்லப்போனா எப்பவும் 100லயே நிக்கறதைவிட நடுவுல இருக்கறதுதான் அதுக்கு பிடிக்கும். கடைசி வரைக்கும் கிட்டத்தட்ட அதே வேகத்துல ஏறும், மேகம் விலகி ஒருமணி நேரம் வெயில் வந்தா அந்த ஒருமணி நேரமும் உள்ள போயிடும். அதே பேனல், அதே ஃப்ரிட்ஜ், அதே ஆளுங்க, பேட்டரியை மட்டும் மாத்தினதுல ராத்திரி ஃப்ரிட்ஜ் நிக்கறது நின்னுபோச்சு. என் முடிவு இது ஒண்ணை வச்சுத்தான். வெயிட்டு, ஆயுசு எல்லாம் இதுக்கு அப்புறம்.

(இடையில ஒண்ணு. 335 வாட் பேனல்னா அது 38 வோல்ட் பக்கம் வேலை செய்யற பேனல். அதை 12 வோல்ட் பேட்டரிக்கு சாதா பிடபிள்யூஎம் கன்ட்ரோலர்ல மாட்டினா 9 ஆம்ப்தான் வரும், அதாவது 120 வாட் கூட தேறாது. எனக்கு முதல்ல அப்படித்தான் மாட்டி குடுத்தாங்க. பேனலோட கூடுதல் வோல்ட்டை ஆம்ப்பா மாத்திக் குடுக்கற எம்பிபிடி கன்ட்ரோலர் போடுங்க, இதுல அலசறதுக்கு ஒண்ணுமில்ல.)

ரிப்பேர்னு வந்தா கதை வேற, அங்க டியூபுலர் பக்கம் நியாயம் ஜாஸ்தி. டியூபுலர் சாகும்போது சொல்லிட்டு சாகும், லைட் மங்கும், வோல்டேஜ் இறங்கும். 12.5 பக்கம்னா ஃபுல்லு, 12 பக்கம்னா பாதின்னு முந்நூறு ரூபா மல்டிமீட்டரே சொல்லிடும். ஆறு செல்லையும் தனித்தனியா திறந்து பாக்கலாம். எந்த ஊர்ல நின்னாலும் இன்வெர்ட்டர் கடை ஒண்ணு இருக்கும், அங்க ஒரு அண்ணன் இருப்பார். லித்தியம் அப்படி இல்ல. 13.2 வோல்ட் காட்டுச்சுன்னா அது 70 சதவீதமா இருக்கலாம், 45ஆவும் இருக்கலாம், வோல்டேஜ் கோடு அவ்வளவு தட்டை. அப்புறம் திடீர்னு உள்ள இருக்கற பிஎம்எஸ் (பேட்டரியை காப்பாத்தற கன்ட்ரோல் போர்டு) கட் பண்ணிடும், அவ்வளவுதான், முழு இருட்டு.

ஏற்காட்டுல ராத்திரி மூணு மணிக்கு அப்படி ஆச்சு. பேட்டரி மானிட்டர் கடைசியா 48 சதவீதம்னு சொல்லியிருந்துச்சு, டெர்மினல்ல மீட்டர் வச்சா 0. வீட்டுக்காரம்மா "இதுக்கா இவ்வளவு காசு போட்டீங்க"ன்னு ஒரே வார்த்தைதான் கேட்டாங்க. விடிஞ்சு வெயில் வந்தும் சார்ஜ் ஆகல, ஏன்னா என் எம்பிபிடிக்கு பேட்டரி வோல்டேஜ் கண்ணுல பட்டாத்தான் அது வேலையவே ஆரம்பிக்கும். வண்டி பேட்டரியில இருந்து ஃப்யூஸ் வச்ச ஒயரால சில நொடி குடுத்ததும் பிஎம்எஸ் முழிச்சுக்கிச்சு. சரி, 48 எப்படி 0 ஆச்சு? மத்த எல்லாத்தையும் ஆஃப் பண்ணிட்டு ஃப்ரிட்ஜை மட்டும் ஓடவிட்டு மானிட்டரை பாத்தேன், 0 ஆம்ப்னு காட்டுது. ஃப்ரிட்ஜோட நெகட்டிவை ஷன்ட் (மானிட்டருக்காக கரண்டை அளக்கற துண்டு) வழியா எடுக்காம நேரா பேட்டரி முனையில முறுக்கி வச்சிருக்காங்க, அது குடிச்ச கரண்ட் எதுவும் கணக்குலயே வரல. லித்தியம் போட்டா ஷன்ட் மானிட்டர் கண்டிப்பா போடணும், எல்லா நெகட்டிவும் அது வழியாத்தான் போகணும், இல்லன்னா அது காட்டற நம்பரும் குருட்டு நம்பர்தான்.

இன்னொண்ணு என் தப்பு. பேட்டரியை மாத்தினவன் கன்ட்ரோலர் செட்டிங்கை டியூபுலர்லயே விட்டுட்டேன். ஒருநாள் நட்டநடு மதியம் இன்வெர்ட்டர் ஹை வோல்டேஜ்னு கத்திட்டு நின்னுபோச்சு. டியூபுலருக்குன்னு இருக்கற ஈக்வலைஸ் (எல்லா செல்லையும் சமமாக்க வோல்டேஜைக் கூட்டி சார்ஜ் பண்றது) 15 வோல்ட்டை தாண்டி ஏத்தியிருக்கு, 14.6லயே பிஎம்எஸ் சார்ஜை மறுத்திடும், அப்புறம் வோல்டேஜ் போக இடமில்லாம மேல ஏறிடுச்சு. இப்போ 14.2ல வச்சு ஈக்வலைஸை அடியோட எடுத்துட்டேன்.

டியூபுலர் மேல ஒரு பழியை நானே போட்டேன், அதையும் சொல்லிடணும். சட்னிக்கு மிக்ஸி போட்டாலே இன்வெர்ட்டர் லோ பேட்டரின்னு கத்தும், பேட்டரி போச்சுன்னு நினைச்சேன். லித்தியம் வந்தப்புறமும் அதே கத்தல். மிக்ஸி ஓடும்போது மீட்டரோட ஒரு முனையை பேட்டரி பாசிடிவ்லயும் இன்னொண்ணை இன்வெர்ட்டர் பாசிடிவ்லயும் வச்சா 0.9 வோல்ட் காட்டுச்சு, அதிகபட்சம் 0.2, 0.3தான் இருக்கணும். ஃப்யூஸ் பக்கத்துல ஒரு லக்கை (ஒயர் முனையில மாட்டற உலோக வளையம்) கருவி வச்சு சரியா கிரிம்ப் பண்ணி நசுக்காம சுத்தியலால தட்டி வச்சிருந்தாங்க, தொட்டா சுட்டுச்சு. 80 ஆம்ப் போற இடத்துல அது விளையாட்டு இல்ல, தீ பிடிச்சிருக்கும். இந்த டெஸ்ட் பண்ணாம எந்த பேட்டரியையும் செத்துடுச்சுன்னு சொல்லாதீங்க, லோடு ஓடும்போதுதான் பண்ணணும், சும்மா நிக்கும்போது எல்லா ஜாயின்ட்டும் நல்ல ஜாயின்ட்தான்.

லித்தியம் போடறவங்களுக்கு கூடுதல் செலவு ஒண்ணு உண்டு. ஆல்டர்னேட்டர்ல இருந்து நேரா ரிலே வச்சு லித்தியத்துக்கு குடுக்காதீங்க, அது கிடைக்கறதை எல்லாம் இழுக்கும், ஐடில்ல நிக்கும்போது ஆல்டர்னேட்டர் வெந்துபோகும். நடுவுல அந்த கரண்டை அளவா மட்டும் விடற டிசி டிசி சார்ஜர் வேணும். இதைக் கணக்குல சேக்காமதான் பாதிப்பேர் பட்ஜெட் போடறாங்க.

எனக்கு லித்தியம் அனுபவம் ரெண்டரை வருஷம்தான், அஞ்சாவது வருஷத்துல எப்படி இருக்கும்னு அப்போ வந்து சொல்றேன். 0 டிகிரிக்கு கீழ இதை சார்ஜ் பண்ணக்கூடாது. ஊட்டில தை மாச உறைபனியில நின்னிருக்கேன், பேட்டரி கட்டிலுக்கு அடியில இருந்ததால பிரச்னை வரல, லடாக் போறவங்க ஹீட்டர் வச்ச பேட்டரியா பாத்து வாங்கிக்கோங்க. அதே மாதிரி மாசத்துக்கு ஒருநாள்தான் வெளிய போவேன், மத்த நாள் வண்டி வீட்டு வாசல்ல சார்ஜர் மாட்டி நிக்கும்னா டியூபுலரே போதும், அது வீட்டு பேட்டரி மாதிரி முழுசாவே இருக்கும், ரெண்டு மடங்கு காசு எதுக்கு?

பழைய டியூபுலரை கடையில எடை போட்டு எக்ஸ்சேஞ்சுல கழிச்சுக்கிட்டாங்க, ஈயத்துக்கு எப்பவும் விலை இருக்கு. போகும்போது என் லித்தியத்தை காட்டி இதை எவ்வளவுக்கு எடுப்பீங்கன்னு சும்மா கேட்டேன். கடைக்காரர் அதை ஒருதடவை தட்டிப் பாத்துட்டு "இதை நீங்களே வச்சுக்கோங்க சார்"னு சிரிச்சார்.