மருந்துக்கு முன் நுண்ணோக்கி: கே.ஆர்.புரம் மீன் நோய்ப் பரிசோதனைக் கூடம் பற்றி

ஹொசக்கோட்டை, மாலூர், ஆனேக்கல் பக்கங்களில் குளம் வெட்டிக் கட்லாவும் ரோகுவும் வளர்க்கிற நம்மவர்களில் பெரும்பாலோர், மீன் சாகத் தொடங்கியதும் முதலில் போய் நிற்கும் இடம் தீவனக் கடைதான். அங்கே எந்தக் கேள்வியும் இல்லாமல் ஒரு மருந்துப் புட்டி கைக்கு வந்துவிடும். பெங்களூரு கே.ஆர்.புரத்தில், மார்க்கெட்டுக்குப் பின்புறத் தெருவில் இயங்கும் இந்தச் சிறிய தனியார் பரிசோதனைக் கூடத்தை நான் மதிப்பதற்குக் காரணம், உயிருள்ள மீனைப் பார்க்காமல் எந்த மருந்தின் பெயரையும் இவர்கள் சொல்வதில்லை என்பதே.

தொலைபேசியில் பேசும்போதே அந்த நிபந்தனை வந்துவிடுகிறது. பரிசோதனை செய்யும் அம்மையார் வேலூர்ப் பக்கத்துக்காரர், தெளிவாகப் பேசுகிறார். “செத்த மீன எடுத்துட்டு வராதீங்க சார். மூச்சு விட்டுக்கிட்டு, ஓரமா ஒதுங்கி நிக்கிற மீனா நாலஞ்சு பிடிச்சுட்டு வாங்க. அதே குளத்துத் தண்ணியிலயே வரணும்” என்கிறார். இது வெறும் பிடிவாதம் அன்று. மீன் இறந்ததும் அதன் தோலிலும் செவுளிலும் இருக்கும் ஒட்டுண்ணிகளில் பல சில மணி நேரத்துக்குள் உடலை விட்டு நீங்கிவிடும் அல்லது தாமும் இறந்துவிடும். மாறாக, அழுகலில் பெருகும் பாக்டீரியாக்கள் உடல் முழுவதும் பரவியிருக்கும். அப்படிப்பட்ட மீனைப் பார்த்துச் சொல்லும் முடிவு, மீன் எதனால் செத்தது என்பதைக் காட்டாமல், செத்தபின் அதில் என்ன வளர்ந்தது என்பதையே காட்டும். ஆகவே ஆக்சிஜன் நிரப்பிய பாலித்தீன் பையில் மீனும், தனிப் புட்டியில் குளத்து நீரும் கொண்டுபோக வேண்டும். குஞ்சு வாங்கிய பண்ணையில் கேட்டால் பையில் ஆக்சிஜன் நிரப்பித் தருவார்கள்.

செவுளின் ஓர் இழையை வெட்டி, கண்ணாடித் தகட்டில் ஒரு சொட்டு நீரோடு வைத்து, நுண்ணோக்கியில் நம்மையே பார்க்கச் சொல்கிறார்கள். என் ரோகுவின் செவுளில், வெளிறிய சிறு புழு ஒன்று பின்புறக் கொக்கிகளால் இழையைப் பற்றிக்கொண்டு, உடலை நீட்டியும் சுருக்கியும் தேடிக்கொண்டிருந்தது. அதன் தலைப்பக்கத்தில் நான்கு கரும்புள்ளிகள் தெளிவாகத் தெரிந்தன. அந்த நான்கு புள்ளிகள்தான் டாக்டைலோகைரஸ் என்ற செவுள் புழுவின் அடையாளம் என்றும், பெரும்பாலும் தோலில் காணப்படும் கைரோடாக்டைலஸுக்கு அந்தப் புள்ளிகள் இருக்காது என்றும், அதன் வயிற்றுக்குள் கொக்கிகளோடு கூடிய குட்டி தெரியும் என்றும் விளக்கினார்கள். அந்தக் குட்டிக்குள்ளேயே அடுத்த குட்டியும் உருவாகிக்கொண்டிருக்கும் என்பது எனக்குப் பெரும் வியப்பாக இருந்தது.

இந்த வேறுபாடு ஆராய்ச்சியாளர்களுக்கு மட்டும் உரியது என்று ஒதுக்கிவிட முடியாது; மருந்துச் செலவே இதைப் பொறுத்துத்தான் அமைகிறது. கைரோடாக்டைலஸ் முட்டையிடுவதில்லை, குட்டி ஈனுகிறது. டாக்டைலோகைரஸ் முட்டையிடுகிறது, மருந்து புழுவைக் கொன்றாலும் முட்டையை எட்டுவதில்லை, வெதுவெதுப்பான நீரில் சில நாட்களிலேயே அவை பொரிந்து புதிய புழுக்கள் செவுளைத் தேடி வந்துவிடுகின்றன. எனவே இரண்டாவது தடவை மருந்து இட வேண்டிய நாளை, நீரின் வெப்பநிலையைக் கேட்டுக் கணக்கிட்டே எழுதித் தருகிறார்கள். ஃபார்மலின் இட வேண்டியிருந்தால், அது நீரிலுள்ள ஆக்சிஜனைக் குறைக்கும் என்பதால், நீரில் காற்றைக் கலக்கும் ஏரேட்டர் இருக்கிறதா என்று கேட்டுவிட்டுத்தான் பரிந்துரைக்கிறார்கள். எந்தக் கடையிலும் என்னிடம் இந்தக் கேள்வியைக் கேட்டதில்லை.

மீன் பேன் எனப்படும் ஆர்குலஸ் விஷயத்தில் இவர்களின் ஆலோசனை இன்னும் பயனுடையது. மீன் பேனைக் கண்ணாலேயே காணலாம், அதற்கு நுண்ணோக்கி வேண்டியதில்லை. ஆனால் அது மீனின் மேல் முட்டையிடுவதில்லை. கல், மூங்கில், செங்கல் போன்ற கெட்டியான பரப்புகளில் வரிசையாக ஒட்டிவைக்கிறது. குளத்தில் ஆங்காங்கே மூங்கில் கழிகளை நட்டு, வாரத்துக்கு ஒருமுறை எடுத்து நன்றாக வெயிலில் காயப்போட்டு மறுபடி நடும்படி எழுதித் தந்தார்கள். ஒரு மருந்தையும் விற்காமல் இப்படி ஒரு வழியைச் சொல்லி அனுப்பியதாலேயே இவர்கள் மேல் எனக்கு நம்பிக்கை ஏற்பட்டது.

எல்லாச் சாவும் நோயால் வருவதில்லை என்பதையும் இங்கே மறப்பதில்லை. மீன் எத்தனை மணிக்கு மேலே வந்தது, பெரியது முதலில் செத்ததா சிறியதா, முந்தைய நாள் மேகமூட்டமா என்று ஒரு படிவத்தில் கேட்கிறார்கள். விடியலுக்கு முன் பெரிய மீன்கள் முதலில் மிதந்தால், பெரும்பாலும் அது ஆக்சிஜன் பற்றாக்குறை. 2016 மார்ச்சில் பெங்களூரு அல்சூர் ஏரியில் ஆயிரக்கணக்கான மீன்கள் செத்து ஒதுங்கியதை அந்தப் பக்கத்துத் தமிழர்கள் மறந்திருக்க மாட்டார்கள். கழிவுநீர் சேர்ந்து ஆக்சிஜன் அற்றுப்போன நீருக்கு எந்த நுண்ணுயிர்க்கொல்லியும் மருந்தாகாது.

புண்ணும் சிவப்புத் திட்டும் உள்ள மீனானால் பாக்டீரியாவை வளர்த்துப் பார்க்கிறார்கள். ஏரோமோனாஸ் என்ற பாக்டீரியா வளர்ந்த தட்டில் மருந்து வில்லைகளை வைத்து, எந்த மருந்து அதைக் கொல்கிறது என்பதை அறிய, எதைச் சுற்றித் தெளிந்த வளையம் விழுகிறது என்று அளவுகோல் வைத்து அளந்து சொல்கிறார்கள். இதற்கு இரண்டு மூன்று நாள் ஆகும். அந்தக் காத்திருப்பு அவசியமானது. குளிர்மாதங்களில் வரும் ஆழ்ந்த புண்களில், 1988 முதல் நம் நாட்டு மீன்களைத் தாக்கிவரும் அஃபானோமைசஸ் என்ற பூஞ்சை போன்ற உயிரியின் இழைகளையும் தசைக்குள் தேடுகிறார்கள். குளோராம்ஃபெனிகால், நைட்ரோஃப்யூரான் போன்றவை மீன் வளர்ப்பில் தடை செய்யப்பட்டவை என்பது முன்சுவரிலேயே தமிழிலும் கன்னடத்திலும் எழுதப்பட்டுள்ளது.

குறைகளையும் சொல்லியாக வேண்டும். முதலாவது, மருந்தின் அளவை ஏக்கருக்கு இவ்வளவு என்று எழுதுகிறார்கள். நீரின் ஆழத்தைக் கேட்பதில்லை. ஆறடி நீருக்குக் கணக்கிட்ட மருந்தைக் கோடையில் நாலடியாக இறங்கிய குளத்தில் இட்டால், மீன் ஒன்றரை மடங்கு அளவைத் தாங்க வேண்டியிருக்கும். மற்றவற்றில் இவ்வளவு கவனமாக இருப்பவர்கள் இதை விட்டுவிட்டது எனக்குச் சற்றும் ஏற்புடையதாக இல்லை. படிவத்தில் ஒரு கட்டம் சேர்த்தால் தீர்ந்துவிடும்.

இரண்டாவது, வைரஸ் பரிசோதனை. வைரஸின் மரபுப்பொருளைப் பெருக்கிக் கண்டறியும் பி.சி.ஆர். வசதி இங்கே இல்லாததால் மாதிரியை வெளியூருக்கு அனுப்புகிறார்கள். முடிவு வரும் நாளை யாரும் உறுதியாகச் சொல்வதில்லை, நாம்தான் திரும்பத் திரும்ப அழைக்க வேண்டியிருக்கிறது. திலேப்பியா வளர்ப்பவர்களுக்கு இது பெரிய சிக்கல், ஏனெனில் 2014-இல் இஸ்ரேலிலிருந்து முதன்முதலாக அறிவிக்கப்பட்ட திலேப்பியா ஏரி வைரஸ் இந்தியாவிலும் கண்டறியப்பட்டுள்ளது. முடிவு தெரியாத ஒவ்வொரு நாளும் வலையும் வாளியும் ஒரு குளத்திலிருந்து மறு குளத்துக்குப் போய்வந்துகொண்டிருக்கும். மாதிரியைப் பி.சி.ஆருக்கு ஆல்கஹாலிலும், திசுப் பரிசோதனைக்கு ஃபார்மலினிலும் வைக்க வேண்டும். ஃபார்மலின் மரபுப்பொருளைச் சிதைத்துவிடும் என்பதால் இரண்டையும் மாற்றிவிடக் கூடாது. இதை முன்கூட்டியே தொலைபேசியில் சொல்லிவிட்டால் நல்லது.

குளக்கரையில் மாடும் வைத்திருப்பவர்கள் சாணத்தையும் கொண்டுவரலாம். ஈரல் தட்டைப்புழுவின் முட்டை பொன்மஞ்சளாகவும், இரைப்பைத் தட்டைப்புழுவின் முட்டை நிறமற்றும் இருப்பதைக் காட்டித் தருகிறார்கள். இந்தப் புழுக்கள் நத்தைகளின் வழியே பரவுபவை என்பதால், கரைப்புல்லை அறுத்து மாட்டுக்குப் போடும் வழக்கமுள்ள நமக்கு இந்தச் சோதனை தேவையானது. அதற்கு மேல் கால்நடை நோய்களுக்கு இவர்கள் ஏற்றவர்கள் அல்லர்; அதற்கு ஹெப்பாளில் கால்நடை நலம் மற்றும் உயிரியல் மருந்துகள் நிறுவனம் இருக்கிறது. எலகங்காவிலுள்ள மத்திய அரசின் கால்நடை நோய்ப்பரவல் ஆய்வு நிறுவனமான நிவேதி, மாவட்டவாரியாக எந்த நோய் வரக்கூடும் என்று இரண்டு மாதம் முன்னதாகவே எச்சரிக்கை வெளியிடுகிறது. ஈரல் தட்டைப்புழு நோயும் அந்தப் பட்டியலில் உண்டு.

நேரடி நுண்ணோக்கிச் சோதனைக்கு இங்கே வாங்கும் கட்டணம் ஒரு மூட்டை மிதவைத் தீவனத்தின் விலையைவிடக் குறைவு. முடிவு அன்றே கிடைக்கிறது. காலையில் போவது நல்லது, வெயில் ஏறியபின் கே.ஆர்.புரத்துக்கு அருகிலுள்ள டின் ஃபேக்டரி சந்திப்பின் நெரிசலில் பையிலுள்ள மீன் தாங்காது. பெருமளவில் மீன் சாகும்போது இந்தக் கூடத்தோடு நிறுத்திவிடாமல், 2023-இல் வெளியான ‘ரிப்போர்ட் ஃபிஷ் டிசீஸ்’ செயலியிலும் பதிவு செய்யுங்கள் என்று இவர்களே சொல்கிறார்கள். அதன் வழியாகத் தகவல் மீன்வளத் துறை அலுவலருக்கும் நோய்க் கண்காணிப்பு அறிவியலாளர்களுக்கும் போய்ச் சேரும்.