கடலோர வீட்டில் போல்ட் மிருதங்கம்: நாள்பட்ட பயன்பாட்டில் தெரிந்தவை

மிருதங்க சாதகம் (தினப் பயிற்சி) சலித்துப்போகப் பாடம் காரணமில்லை. உட்கார்ந்ததும் கல்லும் கட்டையுமாகச் சுருதி சேர்க்கப் போராடும் நேரம்தான் ஆசையைத் தின்கிறது. வடசென்னையில் ராயபுரம், காசிமேடு, திருவொற்றியூர் பக்கம் இது இன்னும் மோசம். கடற்காற்றின் ஈரத்தில் தோல் தளர்ந்து, நேற்று சேர்த்த சுருதி இன்று இறங்கிக் கிடக்கும். தோலை இழுத்துக் கட்டும் வாருக்குப் பதில் போல்ட், நட்டு வைத்த மிருதங்கம் இங்கேதான் கைகொடுக்கிறது.

ஒரு நட்டை ஸ்பானரால் கால் சுற்று முறுக்கினால், அடுத்தது அதற்கு நேரெதிர் நட்டு. வரிசையாகப் பக்கத்து நட்டுக்குப் போனால் தோலைப் பிடித்திருக்கும் வளையம் சாய்ந்து, ‘நம்’ என்ற அடி ஒரு ஓரத்தில் ஏறியும் மறு ஓரத்தில் இறங்கியும் பேசும். கல் தவறிக் கரணையில் (தோல் நடுவிலுள்ள கருப்பு வட்டத்தில்) விழும் பயமும் இல்லை. வலந்தலையையும் (வலப்பக்கம்) தொப்பியையும் (இடப்பக்கம்) தனித்தனியே ஏற்ற முடிகிறதா என்று பார்த்து வாங்குங்கள்.

குறை, துரு. ஸ்டெயின்லெஸ் நட்டாகவே கேளுங்கள். மாதம் ஒரு சொட்டு மெஷின் ஆயில் போதும், தோலில் படக்கூடாது. மூடி வைக்கத் துணி உறை. பிளாஸ்டிக் ஈரத்தை உள்ளேயே அடைத்துவிடும்.

தொப்பியில் ஒட்ட ரவை பிசையவேண்டும் என்பதும் சாதகத்தைத் தள்ளிப்போட ஒரு சோம்பேறித்தனச் சாக்கு. ஒட்டியபடியே விடக்கூடிய சிலிக்கான் பசை கிடைக்கிறது. சாதகத்துக்குச் சரி, ஆனால் கும்கி (தொப்பியில் குழைந்து வரும் கீழ்நாதம்) ரவையில் வருவதுபோல் குழைவதில்லை. ரவை என்றால் இரண்டு டீஸ்பூன், சப்பாத்தி மாவுப் பதம், தோலை லேசாக நனைத்து நடுவில் ஒட்டவேண்டும். காயக் காயச் சுருதி ஏறும். விரலால் நீர் தொட்டால் இறங்கும். வாசித்து முடித்ததும் வழித்துத் துடைக்காவிட்டால் எறும்பும் கரப்பானும் தோலையே பதம் பார்த்துவிடும்.

மெட்ரோனோமை நிமிடத்துக்கு 60 தட்டில் வைத்து ‘த தி தொம் நம்’ மூன்று காலம் (வேகம்) முடிந்ததும், பாட்டோடு சர்வலகு, அதாவது சீராக ஓடும் எளிய நடை, வாசியுங்கள். சுவை அங்கேதான். திருவொற்றியூர் திரிபுரசுந்தரி மீது தியாகராஜர் பாடிய கிருதிகளில் கல்யாணி, சுத்த சாவேரி ராகங்களில் உள்ளவை ஆதி தாளம், தொடங்குவதற்கு ஏற்றவை. தீர்மானத்தை (முடிப்புக் கோவையை) அப்புறம் பார்த்துக்கொள்ளலாம். எண்ணூர் விரைவுச் சாலையை ஒட்டிய வீடென்றால் கன்டெய்னர் லாரிச் சத்தம் சுருதி தரும் தம்புரா ஆப்பை விழுங்கிவிடும். ஒரு காதில் இயர்போன் அவசியம்.

பழைய வண்ணாரப்பேட்டை மாதிரிப் பொதுச்சுவர் வீடுகளில் இரவு ஒன்பதுக்கு மேல் தோலைத் தொடாதீர்கள். தொடையில் தாளம் போட்டு, சொல்லு (‘த தி தொம் நம்’ போன்றவை) மட்டும் வாயால் சொல்லலாம். கச்சேரிக்கு வார் மிருதங்கத்தையே எடுத்துப் போங்கள். போல்ட் மிருதங்கத்தில் அதே மரக்கட்டையோடு இரும்பும் சேர்வதால் கனம் தோளை வாங்கும்.