பத்மாவதியா, சந்திராவா?

வண்ணாரப்பேட்டையில் எங்கள் வீட்டு டிவியில் பழைய படம் ஓடினால் பெரியம்மா ‘மனோகரா’ கட்சி, அம்மா ‘ரத்தக்கண்ணீர்’ கட்சி. இரண்டும் 1954-ல் வந்தவை. இரண்டுமே மேடையில் பேர் வாங்கிய நாடகங்கள். இரண்டிலும் கட்டியவளை விட்டு இன்னொருத்தியிடம் போகிறான் கணவன்.

‘மனோகரா’ பம்மல் சம்பந்த முதலியாரின் நாடகம். அவருடைய சுகுண விலாச சபை நாடகம் போட்ட விக்டோரியா பப்ளிக் ஹால் சென்ட்ரல் பக்கத்தில் இன்றும் நிற்கிறது. எல்.வி. பிரசாத் இயக்கம், கருணாநிதி வசனம், சிவாஜியின் குரல் என்று படமாக இதுதான் பிரமாதம். ஆனால் ராஜா வசந்தசேனையிடம் மயங்கிக் கிடப்பது அரண்மனைச் சதியாக மாறிவிடுகிறது. ராணி பத்மாவதியின் மனக்கொதிப்பு மகன் மனோகரன், அதாவது சிவாஜி வழியாகத்தான் வெளியே வருகிறது. கட்டிப்போட்ட மகனிடம் சங்கிலியை அறுக்கச் சொல்லும் அந்த ஓர் இடத்தில் மட்டும், பத்மாவதியாக நடித்த கண்ணாம்பா படத்தையே தன் கைக்குள் எடுத்துக்கொள்கிறார். பெரியம்மா அதற்காகவே உட்கார்ந்திருப்பார்.

‘ரத்தக்கண்ணீர்’ நம் தெருவிலேயே நடக்கிற கதை. திருவாரூர் கே. தங்கராசு எழுதியது, கிருஷ்ணன்-பஞ்சு எடுத்தது. எம்.ஆர். ராதா மேடையில் பேசிப் பேசிப் பழகிய வசனம், அதனால் பல காட்சிகளில் கேமரா சும்மா நின்று அவரைப் பார்த்துக்கொண்டிருக்கிறது. எனக்கு அது குறையாகவே தெரியவில்லை. ராதா நடிக்கும் மோகன் சீமையிலிருந்து திரும்பி, காந்தா என்ற இன்னொருத்தியிடம் போய், எல்லாம் இழந்து, கடைசியில் நண்பன் பாலுவிடம் தன் மனைவி சந்திராவைக் கல்யாணம் செய்துகொள்ளச் சொல்கிறான். கணவன் கெட்டால் மனைவியின் வாழ்க்கையும் முடிந்தது என்று நம்பிய காலத்தில் இதைத் திரையில் சொன்னது சாதாரணமில்லை. திருமணத்தைப் பற்றிய படம் என்றால் என் ஓட்டும் இதற்குத்தான்.

ஒன்றை மட்டும் என்னால் ஏற்க முடியவில்லை. மோகனுக்கு வரும் தொழுநோயை அவன் தப்புக்குத் தண்டனையாகக் காட்டுகிறார்கள். அது கிருமியால் வருவது, மாத்திரையில் குணமாவது. அந்த நோய் வந்தவர்களுக்கு இந்தப் படம் செய்த அநியாயம் பெரிது. வசந்தசேனை, காந்தா என்று இரண்டு படமும் பழியை வெளியே இருக்கிற பெண் தலையில் கட்டுவதும் அப்படித்தான்.

இவ்வளவும் சொல்லி முடித்தால் பெரியம்மா ஒரே கேள்விதான் கேட்பார்: “சரிடா, சந்திராவைக் கட்டிக்கோன்னு பாலுகிட்ட மோகன் சொல்றானே, சந்திராவை யாராவது கேட்டாங்களா?” அம்மாவும் அந்த இடத்தில் பேசாமல் இருந்துவிடுவார்.