50 பாயின்ட் டைம்ஷேர்: வாங்குவதா, வாடகைக்கு எடுப்பதா?

அட்லாண்டாவில் எங்கள் வீட்டிலிருந்து ஆர்லாண்டோ காரில் ஏழு மணி நேரம். இரண்டு வருடத்துக்கு ஒரு டிசம்பர் டிஸ்னி வேர்ல்டில் என்று பிள்ளைகள் சின்னவர்களாக இருந்தபோது தொடங்கிய பழக்கம் இன்னும் விடவில்லை. ஊரிலிருந்து அப்பாவும் அம்மாவும் வந்திருக்கும் வருடம் என்றால் கட்டாயம் போவோம். டிக்கியில் குக்கரும் அரிசிப் பையும் முதலில் ஏறிவிடும். இந்தப் பயணம் இனி நிற்காது என்று தெரிந்த பிறகுதான், ஹோட்டலுக்கு ஒவ்வொரு முறையும் கொடுக்கிற பணத்துக்குச் சின்னதாக ஒரு டைம்ஷேர் ஒப்பந்தம், அதாவது வருடா வருடம் சில நாள் தங்கும் உரிமையை முன்கூட்டியே விலைக்கு வாங்குவது, வாங்கிப் போட்டால் என்ன என்ற பேச்சு வீட்டில் வந்தது. 50 பாயின்ட் போதும் என்றாள் மனைவி. எனக்குச் சந்தேகம். மூன்று மாதம் உட்கார்ந்து கணக்குப் போட்டேன். இதே யோசனையில் இருக்கிற தமிழ்க் குடும்பங்கள் எங்கள் பக்கத்திலேயே நாலைந்து இருப்பதால் அதை எழுதி வைக்கிறேன்.

முதலில் பொருள் என்னவென்று சொல்லிவிடுகிறேன். டிஸ்னியின் டைம்ஷேர் திட்டமான டிஸ்னி வெக்கேஷன் கிளப் 1991-ல் தொடங்கியது. வருடத்தில் இந்த வாரம் உன்னுடையது என்று விற்கிற பழைய டைம்ஷேர் முறை இதில் கிடையாது. வருடத்துக்கு இத்தனை பாயின்ட் என்று வாங்குகிறோம். அறையின் அளவையும் மாதத்தையும் கிழமையையும் பொறுத்து ஒரு இரவுக்கு இத்தனை பாயின்ட் கழியும். ஒவ்வொரு ஒப்பந்தமும் ஏதாவது ஒரு ரிசார்ட்டைச் சேர்ந்தது. அந்த ரிசார்ட்டில் 11 மாதத்துக்கு முன்பே அறை பிடிக்கலாம், மற்ற ரிசார்ட்டுகளில் 7 மாதத்துக்கு முன்புதான். இது நிரந்தரச் சொத்து இல்லை, முடிவுத் தேதி உண்டு. போர்டுவாக், பீச் கிளப் போன்றவை 2042 ஜனவரியோடு முடிகின்றன. நாங்கள் பார்த்த சாரடோகா ஸ்பிரிங்ஸ் 2054 ஜனவரி வரை. பழையவற்றை மலிவாக விற்கிறார்களே என்று ஆசைப்படுபவர்கள் இந்தத் தேதியை முதலில் பார்க்க வேண்டும்.

கம்பெனியிடமிருந்தே நேரடியாக வாங்குவதை நாங்கள் சீக்கிரமே விட்டுவிட்டோம். பாயின்ட்டுக்கு 200 டாலருக்கு மேல் போகிறது. புதிதாகச் சேர்பவர்கள் பெரிய எண்ணிக்கையில்தான் தொடங்க வேண்டியிருக்கிறது. சின்ன ஒப்பந்தம் வேண்டுமென்றால் ஏற்கெனவே வைத்திருப்பவர் விற்பதைத்தான் வாங்க வேண்டும். அதில் ஒரு குறை உண்டு. 2019 ஜனவரி 19-க்குப் பிறகு கைமாறிய பழைய ரிசார்ட் ஒப்பந்தங்களை வைத்து ரிவியரா, அதற்குப் பின் வந்த புதிய ரிசார்ட்டுகளில் தங்க முடியாது. எங்களுக்கு அது பெரிதாகப் படவில்லை.

ஆக, மீதி மூன்று வழி. 50 பாயின்ட் ஒப்பந்தத்தை வாங்குவது. பாயின்ட் வைத்திருப்பவரிடம் அந்தப் பயணத்துக்கு மட்டும் வாடகைக்கு எடுப்பது. இரண்டும் வேண்டாம் என்று டிஸ்னிக்குப் பக்கத்து ஊரான கிஸிமி பக்கம் ஒரு வீட்டை வாடகைக்குப் பிடித்துக்கொள்வது. ஹோட்டலுக்கு நேராகப் பணம் கட்டுவதை இந்த வரிசையில் சேர்க்கவே இல்லை. அதே ரிசார்ட்டின் ஸ்டூடியோ, அதாவது ஒற்றை அறை, டிசம்பரில் இரவுக்கு 400 டாலருக்கு மேல், அதற்கு மேல் 12.5 சதவீதம் வரி. ஏழு இரவுக்கு 3,150 டாலர் தாண்டிவிடும்.

இப்போது வாங்குகிற கணக்கு. விலை மாதத்துக்கு மாதம் மாறும், நான் வைத்துக்கொண்ட எண்களைச் சொல்கிறேன். 50 பாயின்ட், பாயின்ட்டுக்கு 120 டாலர் வீதம் 6,000. பத்திரம் மாற்றும் செலவு 600. மொத்தம் 6,600. சின்ன ஒப்பந்தத்தின் முதல் கஷ்டம் இங்கேயே இருக்கிறது. பத்திரச் செலவு 50 பாயின்ட்டுக்கும் 200 பாயின்ட்டுக்கும் ஏறக்குறைய ஒன்றுதான். 200 பாயின்ட் வாங்குபவருக்கு அது பாயின்ட்டுக்கு மூன்று டாலர், நமக்கோ 12. போதாததற்கு, சின்ன ஒப்பந்தத்தைத் தேடுபவர்கள் அதிகம் என்பதால் பாயின்ட் விலையே பெரிய ஒப்பந்தத்தைவிடச் சற்றுக் கூட இருக்கும்.

இதோடு வருடப் பராமரிப்புக் கட்டணம். தங்கினாலும் தங்காவிட்டாலும் கட்ட வேண்டும், வருடா வருடம் ஏறும். சாரடோகாவில் பாயின்ட்டுக்கு எட்டு டாலருக்கும் ஒன்பதுக்கும் இடையில் வருகிறது. எட்டரை என்று வைத்தால் 50 பாயின்ட்டுக்கு வருடம் 425 டாலர்.

பலர் இந்த இடத்தில் 6,600-ஐ ஒப்பந்தம் முடிய மிச்சமிருக்கிற சுமார் 29 வருடத்தால் வகுத்து, வருடத்துக்கு 228 டாலர்தானே என்று முடித்துவிடுகிறார்கள். அது சரியில்லை. அந்தப் பணம் வேறெங்காவது இருந்தால் வட்டி ஈட்டும். வருடம் 5 சதவீதம் என்று வைத்து 29 வருடத்துக்குப் பரப்பினால் வருடத்துக்கு 436 டாலர் வருகிறது. பராமரிப்பையும் கூட்டினால் 861. அதே 50 பாயின்ட்டை வாடகைக்கு எடுத்தால், பாயின்ட் 21 டாலர் வீதம் 1,050. வித்தியாசம் 189 டாலர்.

வருடத்துக்கு 189 டாலர். இந்த எண்ணைப் பார்த்ததும் நான் கம்ப்யூட்டரை மூடிவிட்டேன். இதற்காக 29 வருடம் ஒரு பத்திரத்தில் கையெழுத்துப் போடுவானேன் என்றுதான் தோன்றியது.

கடன் வாங்கி வாங்குவதாக இருந்தால் யோசிக்கவே வேண்டாம். டைம்ஷேர் கடன்களில் 10 சதவீதத்துக்கு மேல் வட்டி சாதாரணம். 6,600 டாலருக்கு 12 சதவீதத்தில் பத்து வருடத் தவணை என்றால் மாதம் 95 டாலர், வருடம் 1,136. பராமரிப்பைச் சேர்ப்பதற்கு முன்பே வாடகையைத் தாண்டிவிட்டது. கையில் பணம் இருந்தால் மட்டும் பேச வேண்டிய விஷயம் இது.

சரி, அப்படியானால் வாடகைதானே நல்லது? எங்கள் இரண்டு வருடத்துக்கு முந்தைய அனுபவம் இல்லாவிட்டால் நானும் அப்படித்தான் எழுதியிருப்பேன். அந்த டிசம்பருக்கு ஒருவரிடம் 100 பாயின்ட் வாடகைக்கு எடுத்து 2,100 டாலரை முன்பணமாகவே கட்டியிருந்தோம். ஸ்டூடியோவில் இரவுக்குச் சுமார் 14 பாயின்ட், ஏழு இரவு. அக்டோபர் கடைசியில் ஊரில் அப்பா கீழே விழுந்து இடுப்பில் அறுவை சிகிச்சை. பயணமே இல்லையென்று ஆனது, நான் ஊருக்குப் பறந்தேன். பாயின்ட் வாடகையில் பணம் திரும்பாது, தேதியும் மாறாது. ஒப்பந்தத்தில் அப்படித்தான் இருந்தது, நாங்களும் படித்துத்தான் கையெழுத்துப் போட்டிருந்தோம். அறைக்குச் சொந்தக்காரர் அவர், பணம் கட்டியவர்கள் நாங்கள், முன்பதிவில் கை வைக்கும் உரிமை எங்களுக்கு இல்லை. பயணக் காப்பீடு எடுத்திருந்தால் கொஞ்சமாவது வந்திருக்கும், எடுக்கவில்லை. 2,100 டாலரும் போனது.

அதை 189-ஆல் வகுத்துப் பாருங்கள். ஒரே ஒரு ரத்து, பதினோரு வருடச் சேமிப்புக்குச் சமம். வயதான பெற்றோர் கடல் தாண்டி இருக்கிற வீட்டில், விசாவும் டிக்கெட்டும் உடல்நலமும் ஒன்றாகக் கூடிவந்தால்தான் பயணம் என்கிற வீட்டில், ரத்து என்பது அபூர்வமான விஷயம் இல்லை. சொந்த ஒப்பந்தத்தின் மதிப்பு மலிவில் இல்லை, ரத்து செய்கிற உரிமையில் இருக்கிறது என்று எனக்கு அப்போதுதான் உறைத்தது.

ஆனால் அந்த உரிமை எந்த 50 பாயின்ட்டை வாங்கினாலும் வந்துவிடாது. அதற்குக் கொஞ்சம் உள்ளே போக வேண்டும்.

50 பாயின்ட்டில் ஏழு இரவு கிடைக்காது, மூன்று இரவுதான். எனவே இந்த வருடத்துப் பாயின்ட்டை அடுத்த வருடத்துக்குத் தள்ளி வைக்க வேண்டும், அல்லது அடுத்த வருடத்துடையதை முன்கூட்டியே எடுக்க வேண்டும். இரண்டையும் கிளப் அனுமதிக்கிறது. ஆனால் ஒரு முறை தள்ளி வைத்ததை மறுபடி தள்ள முடியாது. முன்கூட்டி எடுத்ததைப் பொதுவாகத் திருப்பி வைக்கவும் முடியாது. பெரிய ஒப்பந்தக்காரருக்கு இது எப்போதாவது வரும் சிக்கல், 50 பாயின்ட்காரருக்கு ஒவ்வொரு பயணத்திலும் வரும்.

அடுத்தது, பாயின்ட் வருடம் தொடங்கும் மாதம். ஒவ்வொரு ஒப்பந்தத்துக்கும் ஒரு மாதம் இருக்கும், அந்த மாதம் முதல் தேதி புதுப் பாயின்ட் வரும். அதிலிருந்து எட்டு மாதத்துக்குள்தான் தள்ளி வைக்க முடியும். விற்பனைப் பட்டியலில் விலைக்கும் பாயின்ட்டுக்கும் பக்கத்தில் சின்னதாக எழுதியிருக்கும் இந்த மாதத்தை நான் முதலில் கவனிக்கவே இல்லை. டிசம்பரில் பயணம் போகிற எங்களுக்கு பிப்ரவரி ஒப்பந்தம் வந்தால் தள்ளி வைக்கும் கெடு செப்டம்பர் 30-ல் முடிந்துவிடும். நவம்பரில் ரத்து செய்தால் ஜனவரி 31-க்குள் 100 பாயின்ட்டையும் எங்காவது போய்த் தங்கித் தீர்க்க வேண்டும், இல்லையென்றால் போச்சு. அக்டோபர் ஒப்பந்தம் என்றால் நிலைமையே வேறு. நவம்பரில் ரத்தானாலும் இந்த வருடத்து 50-ஐ மே 31-க்குள் அடுத்த வருடத்துக்குத் தள்ளி வைத்துக்கொள்ளலாம். போன வருடத்திலிருந்து தள்ளி வந்த 50-ஐப் பயன்படுத்த அடுத்த செப்டம்பர் 30 வரை நேரம் இருக்கும், கோடை விடுமுறையில் மூன்று நாள் போய் வரலாம். அப்பா விழுந்தது அக்டோபர் கடைசி. எங்கள் கையில் அன்று அக்டோபர் ஒப்பந்தம் இருந்திருந்தால் ஒரு பாயின்ட்கூட வீணாகியிருக்காது.

இதிலும் ஒரு கெடு உண்டு. தங்கும் நாளுக்கு 31 நாளாவது முன்பு ரத்து செய்ய வேண்டும். அதற்குப் பின் செய்தால் பாயின்ட் தனிக் கணக்குக்குப் போய்விடும், தள்ளி வைக்க முடியாது, அடுத்த 60 நாளுக்குள் வரும் தேதிகளுக்கு மட்டுமே அறை பிடிக்கலாம்.

கிஸிமி வீட்டைப் பற்றியும் சொல்ல வேண்டும், ஏனென்றால் பல தமிழ்க் குடும்பங்களுக்கு அதுதான் சரி என்று நினைக்கிறேன். பாயின்ட் ஸ்டூடியோவில் மைக்ரோவேவும் சின்ன ஃபிரிட்ஜும்தான், அடுப்பு கிடையாது. அடுப்பும் துணி துவைக்கும் எந்திரமும் உள்ள ஒரு படுக்கையறை வீடு வேண்டுமென்றால் பாயின்ட் சுமார் இரண்டு மடங்கு. 100 பாயின்ட்டில் மூன்று நாள்தான் தங்கலாம். அம்மா வெளியில் சாப்பிட மாட்டார், காலையில் இட்லி, ராத்திரி ரசம் சாதம் இருந்தே ஆகவேண்டும். நாங்கள் ஒரு முறை நாலு படுக்கையறை வீடு எடுத்தோம், நீச்சல் குளத்தோடு, சுத்தம் செய்யும் கட்டணமும் சேர்த்து ஏழு இரவு 1,800 டாலருக்குள். இன்னொரு குடும்பமும் சேர்ந்தது, பாதிப் பாதி. ஆளுக்குக் கணக்குப் பார்த்தால் பாயின்ட் எதுவும் இதற்குப் பக்கத்தில் வர முடியாது. ஆனால் தினமும் கார் எடுக்க வேண்டும், பார்க்கிங்குக்கு நாளுக்கு 30 டாலராவது ஆகும், ராத்திரி வாணவேடிக்கை முடிந்து தூங்குகிற பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு அந்தப் பெரிய மைதானத்தில் காரைத் தேட வேண்டும். டிஸ்னி ரிசார்ட்டில் தங்கினால் பஸ் வாசலில் விடும். அப்பா மதியம் களைத்துவிட்டால் அறைக்குப் போய்ப் படுத்து எழுந்து மாலையில் திரும்ப வரலாம். கைத்தடியோடு நடப்பவருக்கு அந்த மதியத் தூக்கம் எவ்வளவு பெரிய விஷயம் என்று கூட்டிப்போனவர்களுக்குத்தான் தெரியும்.

வேறு கம்பெனிகளின் பாயின்ட் ஒப்பந்தம் ஒரு டாலருக்கு ஈபேயில் கிடைக்கிறதே என்று ஒரு நண்பர் கேட்டார். கிடைக்கும். பராமரிப்புக் கட்டணத்திலிருந்து தப்பித்தால் போதும் என்று நினைப்பவர்கள் விற்பது அது. நாளைக்கு நாமும் அதே வரிசையில்தான் நிற்போம். டிஸ்னி ஒப்பந்தத்துக்கு மறுவிற்பனையில் இன்னும் நல்ல விலை கிடைக்கிறது, 2054 நெருங்க நெருங்க அதுவும் இறங்கும். யாரிடம் கையெழுத்துப் போட்டுவிட்டு வந்திருந்தாலும் ஒன்று நினைவிருக்கட்டும்: புளோரிடா சட்டப்படி கம்பெனியிடம் வாங்கிய டைம்ஷேரைப் பத்து நாளுக்குள் எழுத்து மூலம் ரத்து செய்யலாம், காரணம் சொல்லத் தேவையில்லை.

எங்கள் முடிவு இதுதான். அடுப்பு முக்கியமான வருடம் கிஸிமி வீடு, இன்னொரு குடும்பத்தோடு. இந்த டிசம்பருக்குப் பாயின்ட் வாடகை, காப்பீட்டோடு. கூடவே 50 பாயின்ட் ஒப்பந்தம் ஒன்றைத் தேடுகிறோம். சாரடோகாவாக இருக்க வேண்டும், அக்டோபராக இருக்க வேண்டும், சேமிப்பிலிருந்து முழுப் பணமும் கட்ட வேண்டும். மனைவி சொன்ன எண்தான் கடைசியில் நின்றது. மாதத்தை மட்டும் நான் சேர்த்தேன். விலை பேசி முடித்தாலும், அதே விலைக்குத் தானே எடுத்துக்கொள்ளும் உரிமை டிஸ்னிக்கு உண்டு, அதன் பதிலுக்கு ஒரு மாதம் வரை காத்திருக்க வேண்டியிருக்கும். போன வாரம் பட்டியலில் ஒன்று வந்தது, பாயின்ட்டுக்கு 112 டாலர், நாங்கள் நினைத்ததைவிட எட்டு டாலர் குறைவு. திறந்து பார்த்தால் பிப்ரவரி. விட்டுவிட்டோம்.