ராம் 8 ஜிபி என்றுதான் காட்டும், ஆனால் அது உங்களுடையதா என்று பாருங்கள்

2015-ல் வாங்கிய லேப்டாப். ஐ5-5200யூ புராசஸர். போன கோடையில் சொல்லாமல் கொள்ளாமல் அணைய ஆரம்பித்தது. வேர்டில் தட்டச்சு செய்தால் ஒன்றும் ஆகாது. கூகுள் மீட்டில் இருபது நிமிடம் பேசினால் போதும், படக்கென்று திரை கறுத்துவிடும். மடியில் வைக்க முடியாத சூடு. ஃபேன் மிக்ஸி மாதிரி இரையும், ஆனால் பக்கவாட்டுத் துவாரத்தில் கை வைத்தால் காற்றே வராது. அன்றே இதை யோசித்திருந்தால் 5,500 ரூபாய் மிஞ்சியிருக்கும்.

பஸ் ஸ்டாண்ட் பக்கம் மாடியில் ஒரு சர்வீஸ் கடை. அங்கிருந்தவர் ஆன் செய்து இரண்டு நிமிடம் பார்த்தார். "போர்டு போச்சு மேடம். சிப் லெவல் வேலை, ரீபால் பண்ணணும். ஏழாயிரம் ஆகும்." ரீபால் என்றால் சிப்பைப் போர்டிலிருந்து கழற்றி, அடியில் உள்ள பற்றவைப்பை மாற்றி மறுபடி பொருத்துவது. பேரம் பேசி 5,500-க்கு வந்தார். பில் கேட்டதற்கு, ஜிஎஸ்டி சேர்ந்தால் ஆயிரம் கூடும் என்றார். நானும் சரி என்று ஒரு துண்டுச் சீட்டை வாங்கிக்கொண்டு வந்தேன். என் புத்தி அவ்வளவுதான்.

மூன்று நாள் கழித்துக் கொடுத்தார்கள். அந்த வாரம் எனக்கு மீட்டிங் எதுவும் இல்லை, அதனால் சரியாகிவிட்டது என்றே நினைத்தேன். ஆறாம் நாள் நீலத் திரை வந்தது, அதாவது விண்டோஸ் பிழையில் விழும்போது காட்டும் திரை. மறுநாளும் வந்தது, ஆனால் வேறு பிழைப் பெயரோடு. இதற்கு முன் இந்த லேப்டாப்பில் நான் நீலத் திரையைப் பார்த்ததே இல்லை. கடைக்குப் போன் செய்தால், "பழைய லேப்டாப் மேடம், அப்படித்தான் இருக்கும். விண்டோஸ் மாத்திப் போட்டுடலாம், 800 ரூபாய்."

நல்லவேளையாகச் சித்தி பையன் ஊருக்கு வந்திருந்தான். ஹார்டுவேர் வேலையில் இருப்பவன். முதலில், விண்டோஸ் தன் கோளாறுகளைப் பதிந்துவைக்கும் ஈவென்ட் வியூவரைத் திறந்தான். கடைக்குப் போகும் முன் வந்த பதிவுகள் எல்லாம் கெர்னல்-பவர் 41 (ஒழுங்காக ஷட்டவுன் ஆகாமல் அணைந்தது என்று குறிக்கும் எண்), உள்ளே பிழைக் குறியீடு பூஜ்யம். அதாவது விண்டோஸ் விழவில்லை, மின்சாரத்தை வெட்டிய மாதிரி அணைந்திருக்கிறது. சூடு, சார்ஜர், பேட்டரி பக்கம் தேட வேண்டிய கேஸ். கடைக்குப் போய் வந்த பிறகு அதே 41-ல் பூஜ்யம் இல்லை, விதவிதமான எண்கள். "அக்கா, இது வேற வியாதி. கடையில ஒட்டிக்கிட்டு வந்திருக்கு" என்றான்.

புராசஸரின் சூட்டைக் காட்டும் கோர் டெம்ப் மென்பொருளைப் போட்டுப் பார்த்தோம். சும்மா இருக்கும்போதே 70 டிகிரி. வீடியோ ஓட்டினால் 98. இந்தப் புராசஸரின் உச்சவரம்பே 105தான்.

அப்புறம் பின்மூடியைக் கழற்றினோம். ஃபேனுக்கும் செப்புத் தகடுகளுக்கும் நடுவே தூசி கம்பளி மாதிரி அடைத்துக் கிடந்தது. புராசஸரின் சூட்டை வாங்கும் ஹீட்சிங்கை எடுத்தால், இரண்டுக்கும் நடுவே சூட்டைக் கடத்தப் பூசும் தெர்மல் பேஸ்ட் காய்ந்த சுண்ணாம்பாக உதிர்ந்தது. ஹீட்சிங்கைக் கழற்றாமல் ரீபால் செய்யவே முடியாது. கழற்றினால் புதுப் பேஸ்ட் வைத்துத்தான் மூட வேண்டும். ஆக, 5,500 ரூபாய்க்கு அந்தப் பக்கம் ஒரு திருகைக்கூட அவர்கள் தொடவில்லை.

ஆனால் வேறொரு இடத்தில் கை வைத்திருந்தார்கள். 2018-ல் பழைய ராமை, அதாவது நினைவகப் பட்டையை, எடுத்துவிட்டு ஒரே 8 ஜிபி போட்டிருந்தேன், அதற்கு பில்லும் இருக்கிறது. இப்போது உள்ளே இருந்தவை இரண்டு 4 ஜிபி, இரண்டும் வேறு வேறு கம்பெனி. ஒன்றின் லேபிளில் பிசி3எல் என்று இருக்க வேண்டிய இடத்தில் வெறும் பிசி3, அதாவது 1.35 வோல்ட்டுக்குப் பதில் 1.5 வோல்ட் வகை. கூட்டினால் அதே 8 ஜிபி என்பதால் விண்டோஸில் எனக்கு வித்தியாசமே தெரியவில்லை. ராமைச் சோதிக்கும் மெம்டெஸ்ட் ஓட்டினோம். பத்து நிமிடத்திலேயே சிவப்புச் சிவப்பாகப் பிழைகள்.

தூசியைப் பிரஷ்ஷால் எடுத்து, 300 ரூபாய்க்குப் பேஸ்ட் வாங்கி வைத்தோம். இப்போது வீடியோ ஓடும்போது 72. கெட்ட ராமைக் கழற்றியதும் நீலத் திரையும் நின்றது. 4 ஜிபியில் தவழ்கிறது, ஆனால் அணைவதில்லை.

கடைக்குப் போய்க் கேட்டேன். "நீங்க கொண்டுவந்தப்பவே இப்படித்தான் இருந்துச்சு." நுகர்வோர் உதவி எண் 1915-ல் புகார் சொல்லலாம் என்று உட்கார்ந்தால், என் கையில் இருந்தது கடை பெயர்கூட இல்லாத அந்தச் சீட்டும், ஒரு தனி ஆளின் பெயருக்குப் போன ஜிபேயும்தான். இங்கே கடையின் பெயரைப் போடாததும் அதனால்தான்.

நீங்கள் லேப்டாப்பைக் கொடுக்கும் முன் சிபியூ-இசட் என்ற மென்பொருளில் எஸ்பிடி பக்கத்தைத் திறந்து போனில் ஒரு படம் எடுத்துவிடுங்கள். எந்த ஸ்லாட்டில் யார் தயாரித்த ராம், எத்தனை ஜிபி என்பதெல்லாம் அதில் இருக்கும். ஹார்ட் டிஸ்க்கின் சீரியல் எண்ணையும் குறித்துக்கொள்ளுங்கள். சூட்டுக்காகத்தான் கொடுக்கிறீர்கள் என்றால், கண் முன்னால் மூடியைத் திறந்து ஃபேனைக் காட்டச் சொல்லுங்கள். ஆயிரம் கூடினாலும் பில்லை விடாதீர்கள்.

அந்தக் கெட்ட 4 ஜிபி இன்னும் என் மேஜை டிராயரில்தான் இருக்கிறது. கடைக்காரர் என் 8 ஜிபியோடு வந்தால் தாராளமாக வாங்கிக்கொண்டு போகலாம்.