ஆங்கில வகுப்பில் தமிழ் எவ்வளவு வரலாம்?

மலேசியாவின் சுங்கை சிப்புட் மாதிரியான தோட்டப்புற ஊரில் தமிழ்ப்பள்ளிப் பிள்ளை முதலாம் ஆண்டிலேயே மூன்று மொழி படிக்கத் தொடங்குகிறது. வீட்டில் தமிழ், வெளியே மலாய். ஆங்கிலம் காதில் விழுவது கைப்பேசிக் கார்ட்டூனிலும் ஆங்கில வகுப்பிலும்தான். அந்த வகுப்பில் டீச்சர் தமிழ் பேசலாமா என்பதில் பெற்றோருக்குள்ளேயே ஒருமித்த கருத்து இல்லை. இதில் மூன்று வழிகள் உண்டு.

ஆங்கிலம் மட்டும்தான் என்பவர்களின் வாதம் பழையது. 1961-ல் உகாண்டாவின் மக்கரேரேயில் ஆங்கிலம் கற்பிப்பது பற்றி நடந்த காமன்வெல்த் மாநாடு அதற்குப் பெரிய வலு சேர்த்தது. மொழியியலாளர் ராபர்ட் பிலிப்சன் 1992-ல் அந்த வாதத்தைப் பிழையான நம்பிக்கை என்று எழுதினார். ஆனாலும் இந்த வழியில் ஒரு நன்மை உண்டு, அதை மறுக்க முடியாது. வெளியே ஆங்கிலம் கேட்காத பிள்ளைக்கு வகுப்பில் கேட்கும் ஒவ்வொரு வாக்கியமும் லாபம். சிக்கல் கடைசி வரிசையில்தான். "அண்டர்ஸ்டாண்ட்?" என்று கேட்டால் வகுப்பே ஒரே குரலில் "யெஸ் டீச்சர்" என்கிறது. புரியாத பிள்ளையும் அந்தச் சத்தத்துக்குள் ஒளிந்துகொள்கிறது.

இன்னொரு பக்கம், வரிக்கு வரி தமிழில் சொல்லிக்கொண்டே போவது. "ஓபன் யுவர் புக்ஸ், புத்தகத்தைத் திறங்க." பிள்ளைக்குப் பயம் போகிறது, பாடமும் ஓடுகிறது. ஆனால் கொஞ்ச நாளில் பிள்ளை முதல் பாதியைக் கேட்பதையே விட்டுவிடும். எப்படியும் தமிழ் வரப்போகிறதே! இந்த மூன்றில் நீண்ட காலத்தில் அதிகம் கெடுப்பது இதுதான் என்பது என் கருத்து.

மூன்றாவது, இடம் பார்த்துக் கலப்பது. 'உட்கார்', 'எழுது' போன்ற அன்றாடக் கட்டளைகள் எப்போதும் ஆங்கிலத்தில். தமிழ் வருவது இலக்கணம் சிக்கும்போதும் பிள்ளை மிரளும்போதும் மட்டும். ஜெர்மானியப் பேராசிரியர் வொல்ஃப்காங் புட்ஸ்காம் சொல்லும் சாண்ட்விச் முறையும் இந்த வகைதான்: ஆங்கிலத்தில் சொல்லி, தாய்மொழியில் ஒரு முறை விளக்கி, உடனே மறுபடி ஆங்கிலத்தில் சொல்வது. அந்தக் கடைசிப் படிதான் முக்கியம். அவசரத்தில் பலரும் விடுவதும் அதைத்தான்.

இடைநிலைப்பள்ளிக்குப் போனதும் கணக்கே மாறுகிறது. அங்கே கலக்கும் மொழி மலாய். மலாய் சரளமாக வராமல், முதலாம் படிவத்துக்கு முன் மலாயை வலுப்படுத்தும் புகுமுக வகுப்பில் ஓராண்டு இருந்துவிட்டு வந்த பிள்ளைக்கு, ஆங்கிலத்தை மலாயில் விளக்கினால் ஒரு சுமைக்கு இரண்டு சுமை. 'ஐ கோ', 'ஷீ கோஸ்' என்பதையே எடுத்துக்கொள்ளுங்கள். மலாயில் ஆள் மாறினாலும் வினைச்சொல் மாறாது, காலத்தைக் காட்டவும் 'சுடா' (முடிந்தது), 'அக்கான்' (இனிமேல்) என்று தனிச்சொல்தான் வரும். தமிழில் 'நான் போகிறேன், அவள் போகிறாள், அவள் போனாள்' என்று வினைமுற்றே மாறிவிடுகிறது. ஆளுக்கும் காலத்துக்கும் ஏற்ப வினை மாறும் என்ற உணர்வு இந்தப் பிள்ளையிடம் ஏற்கெனவே இருக்கிறது. அதைத் தட்டி எழுப்ப ஒரு நிமிடம் போதும், ஆனால் தமிழ் தெரியாத ஆசிரியருக்கு அந்தக் கதவு இருப்பதே தெரியாது. அவரைக் குறை சொல்லிப் பயனில்லை. இரண்டு தமிழ்ப் பிள்ளைகளைப் பக்கத்தில் உட்காரவைத்து, தங்களுக்குள் பேசிவிட்டு விடையை ஆங்கிலத்தில் சொல்லவிட்டாலே போதும். வேல்ஸ் நாட்டில் கல்வியாளர் கென் வில்லியம்ஸ் 1990-களில் வகுத்த முறையும் ஏறக்குறைய இதுதான்: ஒரு மொழியில் உள்வாங்கி, மற்றதில் வெளிப்படுத்துவது.

என் தேர்வு மூன்றாவது வழி. முதல் மூன்று ஆண்டுகளில் தமிழைத் தாராளமாக விடலாம். நான்காம் ஆண்டிலிருந்து அது குறைந்துகொண்டே வர வேண்டும். குறையவில்லை என்றால் அது இரண்டாவது வழியாகவே மாறிவிடும்.

பெற்றோர் ஆசிரியர் சங்கக் கூட்டத்தில் "டீச்சர், இங்கிலீஷ் பாடத்துல ஏன் தமிழ் பேசுறீங்க?" என்று கேட்பதை நிறுத்தலாம். "என் பிள்ளை வகுப்புல வாயத் திறந்து இங்கிலீஷ் பேசுறானா டீச்சர்?" என்று கேளுங்கள்.